நாவல் முளைத்தது, ஆல் ஏன் முளைக்கவில்லை?

மன்னார்குடியில் நாவல், ஆல விதைகளை ஒரே மண்ணில், ஒரே ஆழத்தில் ஊன்றியும் நாவல் மட்டும் முளைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆல விதையை மண்ணால் மூடியதே முக்கியக் காரணமாக இருக்க வேண்டும்.

ஆல், அரசு விதைகள் கடுகைவிடப் பொடியானவை. உள்ளிருக்கும் உணவு, ஆழத்திலிருந்து தளிர் மேலே வரப் போதாது. அதனால் வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். அந்த வெளிச்சத்தின் தரமும் முக்கியம். ஒளியை உணரும் பைட்டோகுரோம் என்ற நிறமி வழியாக, ஏறக்குறைய 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி விதைக்கு முளைக்க அனுமதி தருகிறது. 730 நானோமீட்டரை ஒட்டிய தூரச்சிவப்பு, அதாவது சிவப்பின் விளிம்பைத் தாண்டிய ஒளி, முளைப்பைத் தடுக்கிறது. பச்சை இலைகள் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தூரச்சிவப்பைக் கீழே விடுகின்றன. தலைக்கு மேல் மரம் இருப்பதை ஒரு பொடி விதை இப்படி அறிந்துகொள்வது எவ்வளவு அற்புதம்!

நாவல், இலுப்பைக் கொட்டைகளுக்குச் சொந்த உணவு தாராளம், இருட்டிலும் முளைக்கும். ஈரமும் 25 முதல் 30 டிகிரி வெப்பமும் போதும். காயவிட்டால்தான் உயிர் போய்விடும்.

தேக்கு நேர்மாறு. இரவில் ஊறவைத்துப் பகலில் வெயிலில் காயவைப்பதைச் சில நாள் மாற்றி மாற்றிச் செய்தால் அதன் கெட்டி ஓடு இளகும்.

ஆலம்பழத்தைப் பிசைந்து கழுவி, விதைகளை ஈர மணல்மேல் தூவுங்கள், மூடாதீர்கள். கோடை வெயிலில் மேல்மணல் 40 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதால் நிழல் அவசியம். அதற்கு மரத்தடி வேண்டாம், இடுக்கு விட்டு வேய்ந்த காய்ந்த தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள்.