லேசான எம்.எஸ். என்றால் களைப்பும் மறதியும் வருமா?

கேள்வி: என் தங்கச்சிக்கு வயது 29. பண்டாரவளையில் ஆசிரியை. மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய், லேசான நிலைதான் என்று டொக்டர் சொன்னார். நன்றாக நடக்கிறாள். ஆனால் பின்னேரமானால் களைத்துப் படுத்துவிடுகிறாள், பேசும்போது சொல் வராமல் நிற்கிறாள். இது நோயா, மனக்கவலையா?

பதில்:

பெரும்பாலும் நோய்தான். கவலையும் கூடச் சேர்ந்திருக்கலாம், ஆனால் கவலை என்று சொல்லி ஒதுக்கிவிடாதீர்கள். எனக்கும் இதே நோய், இதே லேசான நிலை. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிஸில் செக்ரோல், அதாவது தொழிலாளரின் வேலைநாள் பதிவு, எழுதுகிறேன்.

எம்.எஸ். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று டொக்டர்மார் 0 முதல் 10 வரை ஓர் அளவு வைத்துப் பார்க்கிறார்கள். ஜோன் கேர்ட்ஸ்கி என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1983இல் வெளியிட்டது. 4க்கு மேலே போனால் அது அநேகமாக நடக்கும் தூரத்தைத்தான் அளக்கிறது. மூளையின் வேகமும் களைப்பும் அதில் சரியாகத் தெரியாது. கால் நன்றாக இருப்பவருக்கும் யோசனை மந்தப்படலாம். எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி ஏதாவது மாற்றம் இருக்கிறது.

முதலில் அடிபடுவது வேகம். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே அரிப்பதால், மூளைக்குள் செய்தி மெதுவாகப் போகிறது. அறிவு அப்படியேதான் இருக்கும், விடை கொஞ்சம் பிந்தி வரும். செக்ரோலில் முழுப்பேர், அரைப்பேர் (முழு நாள், அரை நாள் வேலைக் கணக்கு), கொழுந்துக் கிலோ எல்லாம் இன்றும் எனக்குப் பிழையில்லாமல் வரும். கூட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தாலோ, யாராவது லீவு கேட்டு வந்தாலோ, திரும்ப முதல் வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஏலாது. உங்கள் தங்கச்சிக்கு வகுப்பறைச் சத்தத்தில் இது இன்னும் கஷ்டமாக இருக்கும். அதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

களைப்பும் அப்படித்தான். நல்லாத் தூங்கி எழும்பினாலும் வரும். சூடு பட்டால் கூடும். உடல் வெப்பம் அரைப் பாகை ஏறினாலே பார்வை மங்கலாம், கால் கனக்கலாம். ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்டொஃப் இதை 1890இலேயே எழுதிவைத்தார். நம் மலையகத்துக் குளிர் இந்த விஷயத்தில் நல்லது. ஆனால் அந்தக் குளிருக்காகவே நாம் கொதிக்கக் கொதிக்கக் குளிக்கிறோமே, அங்கேதான் பார்க்க வேண்டும். குளித்துவிட்டு வரும்போது கண் மங்கினால் பயப்பட வேண்டாம், உடம்பு ஆறியதும் தெளிந்துவிடும். தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டால் போதும்.

மற்றதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். உள்ளங்கால் மரத்துப்போகும், கழுத்தைக் குனிந்தால் முதுகில் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும், சிறுநீர் அவசரமாக வரும். படிக்கட்டில் ஏறுவதைவிட, மங்கலான வெளிச்சத்தில் இறங்குவதுதான் எனக்குப் பயம்.

புதிதாக ஓர் அறிகுறி வந்து, காய்ச்சல் இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கிளினிக் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள், உடனே காட்டுங்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால் பழைய அறிகுறிகளே திரும்பத் தலைதூக்கும். அதனால் அதையும் சோதித்துப் பார்ப்பார்கள். லேசாக இருக்கிறதே என்று மருந்தை மட்டும் நிறுத்த வேண்டாம், புதிய தாக்குதல்கள் குறையத்தான் அதைத் தருகிறார்கள்.

அடுத்த முறை போகும்போது மறதியைப் பற்றி நீங்களே பேச்சை எடுங்கள். குறியீடுகளுக்குரிய இலக்கங்களை 90 விநாடி சொல்லவைக்கும் சின்னப் பரீட்சை ஒன்று உண்டு, அதைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். இன்று ஒரு கணக்கு இருந்தால்தான் அடுத்த வருஷம் ஒப்பிடலாம். இரத்தச்சோகை, தைரொயிட், பி12, மனச்சோர்வு இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவையும் களைப்பையும் மறதியையும் கொடுக்கும், இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

பாடசாலையில் சொல்வதா வேண்டாமா என்பதைத் தங்கச்சியே முடிவு செய்யட்டும். அவர் சம்மதித்தால் அதிபரிடம் பேசி, கடினமான பாடங்களைக் காலைப் பாடவேளைகளுக்கு மாற்றித் தரக் கேளுங்கள். எனக்கு ஆபிஸில் கூட்டல் வேலையை வெள்ளன முடிக்க விட்டார்கள், அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்ததும் படுக்கையில் விழுவது வெகுவாகக் குறைந்தது.