இத்தனை வருடம் பீடி பத்தியவர் இனி விட்டு என்ன பயன்?

அப்பாவுக்கு 58 வயது, இளவயதிலிருந்து பீடி பத்துகிறார், "இனி விட்டென்ன, விடாட்டி என்ன" என்கிறார், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில்லை. அவர் இப்போது விட்டாலும் நிறையப் பயன் உண்டு.

பிரித்தானிய மருத்துவர்களை 1951 முதல் 50 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. புகையை விடாதவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முந்தி இறந்தார்கள். 50 வயதில் விட்டவர்களுக்கு அதில் ஆறு வருடம் திரும்பக் கிடைத்தது, 60 வயதில் விட்டவர்களுக்கு மூன்று வருடம். பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்று வருடம் சின்ன விஷயமா? புகையால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஒரே வருடத்தில் பாதியளவுக்கு இறங்கிவிடும்.

எங்கள் வன்னிப் பக்கம், பன்றிக்கும் யானைக்கும் இரவில் வயல் காவல் இருக்கிறவர்கள் நித்திரை வராமலிருக்கத்தான் அதிகம் பத்துகிறார்கள். கேட்டால், "பீடி இலைதானே, சிகரெட் மாதிரி இல்லை" என்பார்கள். அந்த இலைக்குள்ளும் புகையிலைதான் இருக்கிறது. அணையாமலிருக்க அடிக்கடி, பலமாக இழுக்க வேண்டும். அதனால் புகையிலுள்ள தாரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவும் கூடத்தான் உள்ளே போகின்றன. குறைத்துக்கொள்கிறேன் என்பதும் போதாது. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கே, இருபது பிடிப்பவருக்குக் கூடுகிற இதய நோய் அபாயத்தில் பாதிக்குக் கிட்ட இருக்கிறது.

என் பெரியப்பா மூச்சு இளைப்பைச் சளி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். குளக்கட்டில் ஏற முடியாமல் போன பிறகுதான் கிளினிக்கில் ஊதவைத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் கெட்டது திரும்ப வராது என்றார் டொக்டர், ஆனால் விட்டால் மேலும் கெடுவது மெதுவாகும். பெரியப்பா விட்டார். இப்போதும் இளைக்கிறது, ஆனாலும் தன் வேலையைத் தானே பார்க்கிறார்.

முதல் சில நாள் எரிச்சலும் நித்திரையின்மையும் கடுமையாக இருக்கும், ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த நாட்களில் அப்பாவோடு வாதாட வேண்டாம். தேத்தண்ணி குடித்ததும் கை பீடிக்குப் போகுமென்றால் அந்த நேரம் அவரோடு எழுந்து நடவுங்கள். விடுவதற்கு உதவி கேட்க இலங்கையில் 1948 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அப்புறம், இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள், புகைப்பவர்களுக்குக் காசநோயும் எளிதில் வரும்.