குடும்பத்தோடு கப்பல் பயணம்: கான்சியர்ஜ் வகுப்புக்குக் கூடுதல் பணம் தரலாமா?

கப்பல் பயண ஏற்பாட்டுத் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவள் நான். குழந்தைகளோடு போகும் குடும்பங்கள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. சொகுசுக் கப்பலின் கான்சியர்ஜ் வகுப்பு (கூடுதல் கட்டணத்தில் தனி இடமும் தனிப் பணியாளர் உதவியும் தரும் மேல் வகுப்பு) பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். பாதிக்கு மேற்பட்டவை டிஸ்னி கப்பல்களைப் பற்றியவை என்பதால் என் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

கேள்வி: முதல் முறையாகக் கப்பலில் போகிறோம். கான்சியர்ஜ் என்று பணம் கட்டினால் அப்படி என்னதான் கிடைக்கும்?

பதில்: நிறுவனத்துக்கு நிறுவனம் நிறைய வேறுபடும். எம்.எஸ்.சி நிறுவனத்தின் ‘யாட் கிளப்’, நார்வேஜியனின் ‘தி ஹேவன்’ இரண்டும் கப்பலுக்குள்ளேயே தனிக் குடியிருப்பு மாதிரி. தனி லவுஞ்ச் (ஓய்வுக்கூடம்), தனி வெயில் தளம், பட்லர் (உங்கள் அறைக்கான தனி உதவியாளர்) எல்லாம் உண்டு. புதிய கப்பல்களில் தனி உணவகமும் உண்டு. ராயல் கரீபியனின் ‘ஸ்டார் கிளாஸ்’ சூட்டில் (சொகுசான பெரிய அறை) ‘ஜீனி’ என்ற பணியாளர் உங்கள் குடும்பத்துக்கு வேண்டியதைக் கவனித்துக்கொள்வார். பானங்கள், சிறப்பு உணவகங்கள், இணைய வசதி, டிப்ஸ் ஆகியவை கட்டணத்திலேயே அடங்கிவிடும்.

டிஸ்னியில் தனி லவுஞ்சும், அந்த வகுப்புக்கு மட்டுமான வெயில் தளமும், உங்கள் சார்பில் முன்பதிவு செய்து தரும் பணியாளர் குழுவும் கிடைக்கும். பட்லர் கிடையாது. இரவு உணவுக்கு எல்லாப் பயணிகளும் முறைவைத்துப் போகும் அதே மூன்று உணவகங்களுக்குத்தான் நீங்களும் போவீர்கள். ஆகவே ஒரு நிறுவனத்தில் போய்வந்தவர் சொன்னதை நம்பி இன்னொரு நிறுவனத்தில் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: எங்களுக்கு ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். நான்கு இரவுப் பயணம். வாழ்க்கையில் ஒரு முறைதானே என்று மனைவி சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம் என்பேன். மனைவியின் ஆசையைத் தட்டிக் கழிக்க இதைச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது.

அந்த வயதுப் பிள்ளைகள் கப்பலில் எங்கே இருப்பார்கள் என்று யோசியுங்கள். காலையில் நீச்சல் குளம், நீர்ச் சறுக்கு. பிறகு சிறுவர் கூடம். டிஸ்னியில் மூன்று முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்கான கூடம் எல்லாப் பயணிகளுக்கும் இலவசம். மலிவான உள் அறையில் இருக்கும் பிள்ளைக்கும் பெரிய சூட்டில் இருக்கும் பிள்ளைக்கும் அங்கே ஒரே வரவேற்புதான். மாலையில் மேடை நிகழ்ச்சி, அதுவும் பொது. இடையில் பிள்ளைகள் கூடத்துக்குப் போனால் உங்கள் இருவருக்கும் சில மணி நேரம் ஓய்வு கிடைக்கும். அந்த நேரத்தில் பெரியவர்களுக்கு மட்டுமான குளத்துக்குக் கூடுதல் பணமின்றியே போகலாம்.

நான்கு இரவுப் பயணத்தில் முழுக்கக் கடலிலேயே கழியும் நாள் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் நாள் ஏறி, பெட்டி வந்து, கப்பலைச் சுற்றிப் பார்ப்பதிலேயே போய்விடும். கடைசிக் காலையில் இறங்கிவிடுவீர்கள். மீதி நாட்கள் கரையில். லவுஞ்சில் நிம்மதியாக உட்கார நேரம் எங்கே? அந்தப் பணத்தில் நல்ல பால்கனி அறை எடுங்கள், அல்லது பயணத்தை ஏழு இரவாக நீட்டுங்கள். பிள்ளைகளைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வார்கள்.

கேள்வி: கான்சியர்ஜ் அறை மற்ற அறைகளைவிடப் பெரிதாக இருக்குமா?

பதில்: பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டிஸ்னி ட்ரீம், ஃபேண்டஸி கப்பல்களில் பால்கனியோடு கூடிய சாதாரணக் குடும்ப அறை, பால்கனியையும் சேர்த்து 299 சதுர அடி. கான்சியர்ஜில் ஆரம்ப நிலைக் குடும்ப அறை 306 சதுர அடி. வித்தியாசம் ஏழே சதுர அடி, ஒரு பெட்டியைப் படுக்கவைக்கும் இடம். அதற்கு மேல் உள்ள சூட்கள்தான் உண்மையிலேயே பெரியவை, விலையும் அதற்கேற்ப ஏறும்.

இடம்தான் உங்கள் தேவை என்றால், இடையில் கதவுள்ள இரண்டு அடுத்தடுத்த அறைகளின் விலையைக் கேளுங்கள். பல தேதிகளில் ஒரு கான்சியர்ஜ் அறையைவிட இவை இரண்டும் சேர்ந்து குறைவாக வரும். டிஸ்னி அறைகளில் பெரும்பாலானவற்றில் கழிப்பறை தனி, குளியலறை தனி. இரண்டு அறை என்றால் காலையில் யாரும் கதவைத் தட்ட வேண்டாம்.

கேள்வி: முன்பதிவில் முன்னுரிமை என்கிறார்களே, அது அவ்வளவு பெரிய விஷயமா?

பதில்: என் கணக்கில் கான்சியர்ஜின் உண்மையான மதிப்பில் பாதி இதுதான். டிஸ்னியில் முதல் முறை வருபவர், பணம் முழுவதும் கட்டியிருந்தால், புறப்படுவதற்கு 75 நாள் முன்பிருந்து நிகழ்ச்சிகளையும் உணவகங்களையும் பதிவு செய்யலாம். ஏற்கெனவே அவர்கள் கப்பலில் போனவர்களுக்கு, எத்தனை முறை போனார்கள் என்பதற்கேற்ப, சில்வர் நிலையில் 90 நாள், கோல்டில் 105, பிளாட்டினத்தில் 120. கான்சியர்ஜ் பயணிகளின் விருப்பங்கள் இவர்களுக்கும் முன்னால் போய்ச் சேரும்.

பஹாமாஸில் உள்ள அவர்களுடைய தீவான காஸ்டவே கேயில் நிழற்குடில்கள் மிகக் குறைவு. 75 நாள் வரிசையில் நிற்பவர் கைக்கு அவை வருவது அரிது. எட்டிப்பார்க்காமலே இருக்கக்கூடிய விஷயமா அது, அல்லது உங்கள் பயணமே அதைச் சுற்றித்தானா என்று பாருங்கள். குடிலும், பெரியவர்களுக்கான ‘பாலோ’ உணவகமும், குழந்தைகள் இளவரசிகளைச் சந்திக்கும் நிகழ்ச்சியும் உங்கள் பட்டியலில் இல்லை என்றால் முன்னுரிமையால் உங்களுக்கு லாபமில்லை. இன்னொன்று: ‘பாலோ’வுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்த விதியை எந்த வகுப்பும் தளர்த்தாது.

கேள்வி: பத்து மாதக் கைக்குழந்தையோடு போகிறோம். கூட்டத்திலிருந்து தப்பிக்க கான்சியர்ஜ் உதவுமா?

பதில்: ஓரளவு உதவும். காலை உணவுக்குப் பொது பஃபேயில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு தட்டையும் ஏந்திக்கொண்டு மேசை தேடுவது பெரிய அவதி. லவுஞ்சில் அது இல்லை. கப்பலின் குழந்தைகள் காப்பகத்துக்கு (ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை, மணிக்கணக்கில் கட்டணம்) இடங்கள் குறைவு. முன்கூட்டியே நேரம் பிடிப்பதற்குக் கான்சியர்ஜ் குழு கை கொடுக்கும்.

ஆனால் தனி வெயில் தளத்தை நம்பாதீர்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் சுகாதார விதிப்படி, டயப்பர் போடும் குழந்தை எந்தக் குளத்திலும் சுடுநீர்த் தொட்டியிலும் இறங்கக் கூடாது. நீச்சல் டயப்பருக்கும் இது பொருந்தும், கான்சியர்ஜ் தளத்துக்கும் பொருந்தும். அத்தகைய குழந்தைகளுக்கென்று தனியாக அமைத்த நீர் விளையாட்டுப் பகுதி பொதுத் தளத்தில்தான் இருக்கும். ஆக நீங்கள் பணம் கட்டி வாங்கிய தளத்தை விட்டுவிட்டுக் குழந்தையோடு கூட்டத்துக்கே போக வேண்டிவரும்.

கைக்குழந்தையோடு போகும் பெற்றோருக்கு நான் எப்போதும் சொல்வது பால்கனி. பிற்பகலில் குழந்தை இரண்டு மணி நேரம் உறங்கும். ஒருவர் அறையை விட்டு நகர முடியாது. பால்கனி இல்லாத அறையில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பால்கனி இருந்தால் திரையை இழுத்துவிட்டு, கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே நாற்காலி போட்டு, கடல் காற்றில் காபி குடிக்கலாம். கண்ணாடி வழியே தொட்டிலும் தெரியும். நாள்தோறும் இந்த இரண்டு மணி நேரம் உங்களுக்கு லவுஞ்சைவிட அதிகம் பயன்படும்.

கேள்வி: நாங்கள் கான்சியர்ஜ் எடுக்கிறோம். அப்பா அம்மாவுக்குச் சாதாரண அறை. அவர்கள் எங்களோடு லவுஞ்சுக்கு வரலாமா?

பதில்: வர முடியாது. அந்த வகுப்பின் அறையில் பெயர் பதிவானவர்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். பணியாளர்கள் இதில் கறாராக இருப்பார்கள், அது நியாயமும்கூட.

இந்தக் கேள்வி எனக்கு மனக்கஷ்டம் தரும் கேள்வி. ஒரே குடும்பத்தில் பேரப்பிள்ளைகள் உள்ளே, தாத்தா பாட்டி வெளியே என்று நாளுக்கு நான்கு முறை கதவருகே பிரிந்துகொண்டிருந்தால் பயணத்தின் நோக்கமே கெட்டுவிடும். எல்லோருக்கும் எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் எல்லோருமே சாதாரண வகுப்பில் அருகருகே இருங்கள்.

அம்மாவுக்குக் கடற்பயணத்தில் தலைசுற்றல் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். கான்சியர்ஜ், சூட் வகுப்புகள் பெரும்பாலான கப்பல்களில் உயரமான தளங்களில், பல சமயம் முன்பக்கமாக இருக்கும். கப்பல் ஆடும்போது அங்கேதான் ஆட்டம் அதிகம் தெரியும். நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில் உள்ள எளிய அறைதான் அவருக்கு ஏற்றது.

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம். இரைச்சலும் வரிசையும் அவனுக்கு ஆகாது. இந்தச் செலவு தகுமா?

பதில்: தகும். இந்தப் பக்கத்தில் நான் தயங்காமல் ‘எடுங்கள்’ என்று சொல்லும் குடும்பம் உங்களுடையதுதான். துறைமுகத்தில் முன்னுரிமையோடு ஏறலாம், இரைச்சல் தாங்காதபோது சட்டென்று ஒதுங்க அறையைத் தவிர இன்னோர் இடம் இருக்கும், தினமும் பார்க்கும் அதே பணியாளர் முகங்கள் இருக்கும். மூன்றாம் நாளே அவனுக்குப் பிடித்த தின்பண்டம் எது, எந்த நாற்காலியில் உட்காருவான் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கிராண்ட் கேமன் போல, பெரிய கப்பல் நங்கூரமிட்டுச் சிறு படகில் கரைக்குப் போகும் இடங்களில் படகுக்கான வரிசையே பெரும் சோதனை. அங்கும் இந்த வகுப்புக்குப் பெரும்பாலும் முன்னுரிமை உண்டு.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றாலும் மனம் தளராதீர்கள். பெரிய நிறுவனங்களில் சிறப்புத் தேவையுள்ள பயணிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. முன்பே படிவம் அனுப்பினால் ஏறும்போது உதவி போன்ற சிலவற்றை எந்த வகுப்பிலும் செய்து தருவார்கள், அதற்குக் கட்டணமில்லை.

கேள்வி: விலை வித்தியாசத்தை எப்படிக் கணக்கிட்டுப் பார்ப்பது?

பதில்: ஒரே கப்பல், ஒரே தேதி, ஒரே எண்ணிக்கைப் பயணிகள், இரண்டு வகுப்புக்கும் மொத்தத் தொகையை எழுதிக்கொள்ளுங்கள். தலைக்கு இவ்வளவு என்ற விளம்பர விலை ஓர் அறையில் இருவர் என்ற அடிப்படையில் வருவது. மூன்றாவது, நான்காவது நபருக்கு வேறு கட்டணம். வித்தியாசத்தைப் பயண நாட்களால் வகுக்காதீர்கள். லவுஞ்சிலும் தனித் தளத்திலும் நீங்கள் உண்மையில் இருக்கப்போகும் மணி நேரங்களால் வகுத்துப் பாருங்கள். வரும் தொகையைப் பார்த்தவுடன் பலருக்கு முடிவு தெளிவாகிவிடும்.

இலவசமாகக் கிடைப்பதைக் கணக்கில் சேர்க்கும்போதும் கவனம் வேண்டும். டிஸ்னியில் உணவு மேசையிலும் குளத்தருகேயும் குளிர்பானம் எல்லோருக்குமே இலவசம். மது அருந்தாத குடும்பத்துக்கு லவுஞ்சின் மாலைப் பானங்களால் பயனில்லை. டிப்ஸையும் சேருங்கள்: சூட், கான்சியர்ஜ் அறைகளுக்கு நாள் டிப்ஸ் பொதுவாகக் கூடுதல். பயணத்தை ரத்து செய்யும் விதிகளும் கடுமையாக இருக்கும். டிஸ்னியில் கான்சியர்ஜுக்குக் கட்டிய முன்பணம் திரும்ப வராது. விடுமுறை உறுதியாகும் முன் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: கான்சியர்ஜ் பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சியிலிருந்து விலக்கு உண்டா?

பதில்: கிடையாது, இருக்கவும் கூடாது. 2012-இல் இத்தாலிக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் விபத்துக்குள்ளான பிறகு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ அந்தப் பயிற்சி நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி இறுக்கப்பட்டது. பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஏலம் கேட்டு மலிவாக மேல் வகுப்புக்கு மாறலாம் என்கிறார்களே?

பதில்: ராயல் கரீபியன், நார்வேஜியன் போன்றவற்றில் அந்த வழி இருக்கிறது. தம்பதியாகப் போனால் முயன்று பாருங்கள். பிள்ளைகளோடு இரண்டு அறைகளில் போகிறவர்கள் வேண்டாம். ஓர் அறைக்கு மட்டும் ஏலம் கிடைத்து மற்றது பழைய தளத்திலேயே நின்றுவிட்டால் குடும்பம் கப்பலின் இரு முனைகளில் இருக்கும். படுக்கை அமைப்பும் கைக்கு வந்தபடிதான்.

கேள்வி: பதினைந்து வயது மகள், பதினேழு வயது மகன்...

பதில்: சாப்பிடும் நேரம் தவிர அவர்களைப் பார்க்கவே மாட்டீர்கள். பதின்ம வயதினருக்கான கூடத்தில் நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள். அவர்களுக்காகக் கான்சியர்ஜ் தேவையில்லை. உங்களுக்காக வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டோம். முழுப் பயனையும் பெற என்ன செய்ய வேண்டும்?

பதில்: பணம் முழுவதையும் கெடுவுக்கு முன்பே கட்டிவிடுங்கள். குழு கேட்கும்வரை காத்திராமல் உங்கள் விருப்பங்களை எழுதி வையுங்கள். எது கட்டாயம், எது கிடைத்தால் நல்லது என்று பிரித்து எழுதுங்கள்; எல்லாமே முக்கியம் என்றால் எதைக் காப்பாற்றுவது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் மாற்று நாளும் நேரமும் கொடுங்கள். பிள்ளைகளின் வயது, உறங்கும் நேரம், உணவு ஒவ்வாமை மூன்றையும் அந்தக் கடிதத்தின் முதல் வரிகளிலேயே சொல்லிவிடுங்கள். கப்பலில் ஏறியதும் பெட்டி வரும்வரை அறையில் காத்திருக்காமல் நேரே லவுஞ்சுக்குப் போய், கிடைக்காமல் போனவற்றை அங்கேயே மறுபடி கேளுங்கள். பலர் கடைசி நேரத்தில் விட்டுக்கொடுத்த இடங்கள் முதல் நாள் பிற்பகலில்தான் திரும்பி வரும்.