ஏற்காடு வேலி விண்ணப்பம்: எலக்ட்ரிஃபையா, எலக்ட்ரோகியூட்டா?

வேலிக்கு அனுமதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் 'எலக்ட்ரோகியூட்' என்று போட்டிருப்பதை 'எலக்ட்ரிஃபை' என்று மாற்றுங்கள். "காட்டெருமை வராமலிருக்க காபித் தோட்ட வேலியை எலக்ட்ரோகியூட் செய்ய அனுமதி வேண்டும்" என்று எழுதினால், கொல்லவே அனுமதி கேட்பது போலப் படும். வனத்துறைக்குப் போகிற கடிதத்தில் அது வம்பு.

இரண்டும் ஒரே மாதிரி தொடங்குவதால்தான் குழப்பம் வந்திருக்கும். எலக்ட்ரோகியூட், 1889 வாக்கில் அமெரிக்காவில் மின்சார நாற்காலி மரண தண்டனைக்காக உருவான சொல். எலக்ட்ரிஃபை என்றால் மின்சாரம் பாய்ச்சுவது, மின்மயமாக்குவது. சேலம் வழியாகப் போகும் ஜோலார்பேட்டை–ஈரோடு ரயில் பாதை எலக்ட்ரிஃபைட். கூட்டத்தைச் சிலிர்க்க வைக்கும் பேச்சுக்கும் இதே சொல்தான்.

வினைக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். வேலி, ஊர், ரயில் பாதை என்றால் எலக்ட்ரிஃபை. ஆளோ மாடோ மின்சாரம் தாக்கி இறந்திருந்தால் எலக்ட்ரோகியூட். பிழைத்திருந்தால் 'காட் எ ஷாக்' போதும். பலத்த காயத்துக்கும் எலக்ட்ரோகியூட் போடலாம் என்று சில அகராதிகள் சொல்கின்றன. விண்ணப்பத்தில் அது வேண்டாம்.

அப்புறம், வெறும் 'எலக்ட்ரிஃபைட் ஃபென்ஸ்' என்றால் வீட்டு லைனை நேராக இழுப்பதாக நினைக்கக்கூடும். அது உயிரைப் பறிக்கும், சட்டப்படியும் குற்றம். 'சோலார் ஃபென்ஸ் வித் எனர்ஜைசர்' என்று தெளிவாக எழுதுங்கள். எனர்ஜைசர் என்பது வேலிக் கம்பியில் மின்சாரம் விடும் கருவி; அது விட்டுவிட்டுச் சின்ன அதிர்ச்சிதான் கொடுக்கும். விலங்கு மிரண்டு விலகிவிடும்.