வறண்ட மேட்டு நிலத்தில் வீடு: தம்பலகாமத்துத் தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பி,

திருகோணமலை உவர்மலையில் அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்துதான் உங்கள் கடிதத்தை வாசித்தேன். தம்பலகாமத்திலிருந்து அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து அல்புகேர்க்கிக்குப் போய் எட்டு மாதங்கள் ஆகின்றன என்றும், நகருக்கு வெளியே மேட்டு நிலத்தில் ஒரு காணி வாங்கிவிட்டதாகவும், மனைவியும் கைக்குழந்தையும் வந்து சேர்ந்ததும் உடம்புக்கு ஒத்துப்போகின்ற, மின்சாரத்தையும் தண்ணீரையும் விரயமாக்காத ஒரு வீட்டைக் கட்ட விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். வங்கிக் கடன், சதுர அடி விலை, காப்புறுதி ஆகியவற்றையும் கேட்டிருந்தீர்கள். அவை ஆண்டுதோறும் மாறுபவை. அங்குள்ள ஒரு கணக்காளரிடம் கேட்டால் ஒரே நாளில் தெளிவாகிவிடும். வீட்டை எப்படி அமைப்பது என்ற கேள்விக்கு மட்டும் நான் நீளமாகப் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அதை எனக்குச் சொல்லித்தர அன்று ஒருவரும் இருக்கவில்லை.

1999ஆம் ஆண்டு தை மாதம் நான் அந்த ஊரில் போய் இறங்கினேன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரம். முதல் வாரமே உதடு வெடித்தது. காலையில் எழும்பினால் தலையணையில் மூக்கு இரத்தம் காய்ந்திருக்கும். குளிர்தான் காரணம் என்று நினைத்து அறையை மேலும் மேலும் சூடாக்கினேன். வறட்சி இன்னும் கூடியது. 2004இல் பழைய வீடொன்றை வாங்கியபோது, அம்மா தன் முதிரைப் பெட்டகத்தைக் கப்பலில் அனுப்பிவைத்தார். மூன்று தலைமுறையாகத் திருகோணமலைக் கடற்காற்றில் நின்ற மரம் அது. முதல் மாரியில் ஒரு நள்ளிரவு தேங்காய் உடைத்ததுபோல ஒரு சத்தம் கேட்டு விளக்கைப் போட்டுப் பார்த்தேன். மூடிப் பலகை நீளத்துக்குப் பிளந்திருந்தது. பிளவுக்குள் ஒரு நாணயத்தைச் செருகலாம். ஈரக்காற்றிலேயே இருந்து பழகிய மரம் திடீரென்று அந்த வறட்சிக்குள் வந்ததும் சுருங்கியதுதான் காரணம். ஊரிலிருந்து கதவும் நிலையும் செய்வித்துக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

அந்தப் பழைய வீட்டில் இன்னொரு பிழையும் இருந்தது. மேற்கே சூரியன் மறைவதைப் பார்ப்பதற்கென்று சுவர் முழுவதும் கண்ணாடி போட்டிருந்தார்கள். அழகுதான், ஆனால் ஆனி மாதத்தில் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அந்த அறையில் ஒருவரும் இருக்க முடியாது. இன்றைக்கும் நம்மவர்கள் புதிதாகக் கட்டும் வீடுகளில் இதையே பார்க்கிறேன். ரொறன்ரோவில் உறவினர் கட்டிய பெரிய இரண்டு மாடி வீட்டின் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, பாலைவனத்தில் அதே வீட்டைக் கட்டச் சொல்கிறார்கள். இருப்பது நான்கு பேர்; அறைகள் ஏழு; அத்தனையையும் சூடாக்கவும் குளிராக்கவும் ஆயுள் முழுவதும் காசு கட்டுகிறார்கள். இது எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை, தம்பி. வீட்டைச் சிறிதாகக் கட்டுவது கௌரவக் குறைவு அல்ல.

சூரியனைப் பற்றி நம் ஊரில் கற்றது அங்கே அப்படியே பொருந்தாது. திருகோணமலையில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். அதன்பின் ஓகஸ்ட் மாத இறுதி வரை நண்பகற் சூரியன் வடக்குப் பக்கமாகவே இருக்கும். அல்புகேர்க்கி 35 பாகை வட அகலாங்கில் உள்ளது; அங்கே ஆண்டு முழுவதும் நண்பகற் சூரியன் தெற்கில்தான். மார்கழிக் கடைசியில் அது ஏறத்தாழ 31 பாகை உயரம்தான் ஏறும். ஆனியில் 78 பாகை வரை ஏறும். ஆகவே தெற்குச் சுவரில் யன்னல்களை வைத்து, அவற்றுக்கு மேல் அளவோடு தாழ்வாரத்தை நீட்டினால், மாரிகால வெயில் அறையின் நடுவரை வந்து தரையைச் சூடாக்கும். கோடை வெயில் தாழ்வாரத்திலேயே தடைப்பட்டுவிடும். கிழக்கு, மேற்கு வெயிலோ சரிந்து வருவது. எந்தத் தாழ்வாரமும் அதைத் தடுக்காது. அந்தப் பக்கங்களில் யன்னல்கள் சிறியனவாக இருக்கட்டும். கட்டுநர்கள் வழமையாக நான்கு பக்கத்துக்கும் வெப்பத்தைத் தடுக்கும் ஒரே கண்ணாடியைப் போட்டுவிடுவார்கள்; தெற்குக்கு மட்டும் வெப்பத்தை உள்ளே விடும் கண்ணாடி வேண்டும் என்று எழுத்திலேயே கேளுங்கள். தெற்கு பார்த்த வீடு ஆகாது என்று தொலைபேசியில் வாஸ்து சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்டு, தெற்கை முற்றாக அடைத்த இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். வாசலை வடக்கிலோ கிழக்கிலோ வையுங்கள், அம்மாவின் மனமும் ஆறும். யன்னல்களைத் தெற்கிலிருந்து எடுக்காதீர்கள்.

உள்ளே வந்த வெயிலைப் பிடித்துவைப்பதற்குக் கனமான தரையும் சுவரும் வேண்டும். மூதூர்ப் பக்கம் அம்மம்மா இருந்தது மண்வீடு. வைக்கோலைப் போட்டுக் குழைத்த சேற்றுச் சுவர். கச்சான் காற்று அனலாக வீசும் ஆடி மாதத்திலும் உள்ளே நெற்றி வியர்க்காது. பொங்கலுக்கு முன் சுவரையும் குந்தையும் புதிதாக மெழுகுவார்கள். நான் முதன்முறை அதே மாநிலத்திலுள்ள தாவோஸ் பழங்குடிக் கிராமத்துக்குப் போனபோது, அங்கேயும் வைக்கோல் கலந்த மண்கல்லால் கட்டி ஆண்டுதோறும் மண் பூசிக்காக்கும் வீடுகளைக் கண்டு, பேச்சு வராமல் நின்றுவிட்டேன். பல நூற்றாண்டுகளாக மக்கள் வாழ்ந்துவரும் அந்த இடத்தை 1992இல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக ஏற்றது. அங்கே மண்கல்லை அடோபி என்பார்கள். மண்சுவர் பகல் வெப்பத்தை வாங்கி இரவில் மெல்லக் கொடுக்கும். ஆனால் உறைபனிக் குளிரைத் தனியே தடுக்காது. எனவே வெப்பக்காப்பு சுவருக்கு வெளிப்புறம், கனம் உட்புறம் என்று அமையுங்கள். மண்சுவருக்குச் சீமெந்து பூசச் சொல்லும் மேசன் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். ராஞ்சோஸ் டி தாவோஸில் உள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்கு 1967இல் சீமெந்துப் பூச்சுப் போட்டார்கள். வெடிப்புகளால் புகுந்த நீர் வெளியேற வழியின்றி மண்ணை உள்ளிருந்தே கரைத்தது. 1979இல் அதை உடைத்தெடுத்துவிட்டு மறுபடியும் மண்ணே பூசினார்கள்.

இனிக் காற்று. இதைத்தான் மிகவும் கவனமாக வாசிக்க வேண்டும். நிலத்திலுள்ள யுரேனியம் சிதைவதால் ரேடன் என்ற வாயு பிறக்கிறது. மணமும் இல்லை, நிறமும் இல்லை. தரை வெடிப்புகளால் வீட்டுக்குள் ஏறும். நுரையீரற் புற்றுநோய்க்குப் புகைத்தலுக்கு அடுத்த காரணமாக அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் இதையே சொல்கிறது. லீற்றர் காற்றுக்கு 4 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால் திருத்த வேண்டும் என்பது அவர்களின் அளவு. 2006இல் ஒரு சிறு பெட்டியை வாங்கி வைத்து அளந்தபோது எங்கள் வீட்டில் 9 இருந்தது. இரண்டு ஆண்டுகளாக மகளை அந்தத் தரையில்தான் தவழவும் விளையாடவும் விட்டிருந்தோம். வீட்டை எங்களுக்கு விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இரவை நான் மறக்க மாட்டேன். கட்டும்போதே தரைக்குக் கீழே சல்லிக்கல் பரப்பி, தடித்த பொலித்தீன் விரித்து, ஒரு குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோனால் செலவு சொற்பம். கட்டி முடித்தபின் தரையைத் துளைத்துச் செய்வது பெரும் செலவு.

குசினியிலும் இதே கவனம் வேண்டும். காற்றுப் புகாத வீட்டில் மீன் பொரித்து மிளகாய் வறுத்தால் புகை படுக்கையறை வரை போய்த் தங்கும். புகையை வடிகட்டி உள்ளேயே திருப்பி விடும் விசிறியை ஏற்காதீர்கள். சுவரைத் துளைத்து வெளியேற்றும் விசிறியும், அதற்கு ஈடாகப் புதுக்காற்று வர ஒரு வழியும் கேளுங்கள். குளிரூட்டலுக்கு நனைந்த தட்டியூடாகக் காற்றை இழுக்கும் இயந்திரம் அங்கே போதும். வறண்ட காற்றுக்குச் சிறிது ஈரமும் சேரும். நம் ஊரின் ஈரக்காற்றில் அது பயன்படாது. ஆடி, ஆவணியில் அங்கே மழை வரும் சில வாரங்களில் மட்டும் அதன் குளிர்ச்சி குறையும்.

தண்ணீருக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். திருகோணமலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் பெய்கிறது. அல்புகேர்க்கியில் ஏறத்தாழ 225. 200 சதுர மீற்றர் கூரை இங்கே 320,000 லீற்றர் தரும். அங்கே 45,000தான், அதிலும் ஒரு பகுதி ஆவியாகிப் போகும். ஆனாலும் தொட்டி கட்டிச் சேமியுங்கள். நிழல் மரங்களுக்கு அது உதவும். நம் முற்றத்துக் கிணறுபோல நாலு பாக ஆழத்தில் தண்ணீர் வராது. நூற்றுக்கணக்கான அடி துளைக்க வேண்டியிருக்கும். குழாய்க்கிணறு தோண்டினால் ஆர்சனிக்கும் யுரேனியமும் உள்ளனவா என்று பரிசோதிக்காமல் குழந்தைக்கு ஒரு மிடறும் கொடுக்காதீர்கள். பூச்செடிகளை அத்திவாரத்தோடு ஒட்டி நட்டு நீர் ஊற்ற வேண்டாம். அங்குள்ள சில மண்வகைகள் காய்ந்திருக்கும்வரை பாறைபோல் தாங்கி, நனைந்ததும் அமிழ்ந்துவிடும். வரைபடத்துக்கு முன் மண்ணைப் பரிசோதிப்பியுங்கள். காட்டுத்தீயின் பொறி பறந்து விழும் நாடு என்பதால், சுவரைச் சுற்றி ஒன்றரை மீற்றருக்குச் சல்லிக்கல் மட்டும் இருக்கட்டும்.

மார்கழி (டிசெம்பர்) 21ஆம் திகதி வரை வரைபடத்தில் கையொப்பம் இட வேண்டாம். அன்று நண்பகல் உங்கள் காணியில் ஒரு மீற்றர் நீளமான கம்பை நட்டுப் பாருங்கள். நிழல் வடக்கே 1.6 மீற்றர் நீளும். எந்த மேடு, எந்த மரம், அயலவரின் எந்தச் சுவர் உங்கள் தெற்கு யன்னலை மறைக்கும் என்பது அப்போது தெரிந்துவிடும். நாங்கள் புரட்டாதியில் அங்கு திரும்பிவிடுவோம். 2012இல் நாங்கள் கட்டிய வீடு உங்கள் காணியிலிருந்து அரை மணி நேர ஓட்டம்தான். கம்பை எடுத்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வாருங்கள். இருட்டிய பிறகு தெற்கு அறைச் சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு போகலாம்.