கோல்ஃப் வண்டிக்கு இலக்கத்தகடு கிடைக்குமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, தென்பகுதி விடுதி ஒன்று தனது பழைய கோல்ஃப் வண்டிகளை விற்றபோது, தரகர் ஒருவர் மூலம் நான்கு பேர் இருக்கக்கூடிய மின்சார வண்டி ஒன்றை வாங்கி, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன். அம்மாவுக்கு ஒரு கால் செயற்கைக் கால். ஓட்டோவில் ஏறி இறங்க அவர் படும் பாட்டைப் பார்த்துத்தான் வாங்கினேன். இதன் தளம் தாழ்வானது, பக்கங்களும் திறந்தவை. கிளினிக்குக்குப் போகும் வழி இரண்டரைக் கிலோமீற்றர். முதலில் கிரவல் ஒழுங்கை, பிறகு ஒரு புகையிரதக் கடவை, அதன்பின் ஏ9 வீதியில் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். முன்விளக்கு, சமிக்ஞை விளக்கு, கண்ணாடி, ஆசனப்பட்டி எல்லாம் அடங்கிய பெட்டி வெளிநாட்டில் விற்பனைக்கு இருப்பதாகவும், அவற்றைப் பூட்டினால் வீதியில் ஓடலாம் என்றும் கனடாவிலுள்ள அத்தான் சொல்கிறார். அனுப்பச் சொல்லவா? என்னிடம் இருப்பது தரகர் கையால் எழுதித் தந்த பற்றுச்சீட்டு மட்டுமே.
– வாசகர், கிளிநொச்சி

பதில்: பெட்டியை அனுப்ப வேண்டாம் என்று இன்றிரவே அத்தானுக்குச் சொல்லிவிடுங்கள். அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது அவர் இருக்கும் கண்டத்தின் உண்மை.

அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு, தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ‘குறைவேக வாகனம்’ என்றொரு புதிய வகுப்பை உருவாக்கியது. நான்கு சக்கரம், மணிக்கு 32 கிலோமீற்றருக்கு மேலும் 40 கிலோமீற்றருக்கு மேற்படாமலும் உள்ள உச்ச வேகம், சுமையோடு 1,361 கிலோகிராமுக்குக் குறைந்த நிறை என்பவை அதன் எல்லைகள். அந்த வகுப்புக்கான 500ஆம் இலக்கத் தரநியமம், முன்விளக்கு, பின்விளக்கு, பிரேக் விளக்கு, சமிக்ஞை விளக்குகள், ஒளிதெறிப்பான்கள், கண்ணாடிகள், நிறுத்தப் பிரேக், முன்கண்ணாடி, ஒவ்வோர் ஆசனத்துக்கும் பட்டி, 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட வாகன அடையாள எண் ஆகியவற்றைக் கேட்கிறது. அத்தான் சொல்லும் பெட்டி இந்தப் பட்டியலைப் பார்த்துக் கட்டப்பட்டது. அங்கேகூட அது எல்லா வீதிக்குமான அனுமதி அல்ல. பெரும்பாலான மாநிலங்கள் வேக எல்லை மணிக்கு 56 கிலோமீற்றருக்கு மேற்படாத வீதிகளில் மட்டுமே இத்தகைய வாகனங்களை விடுகின்றன. கனடாவிலோ மத்திய அரசு வகுப்பை வரையறுத்தாலும், அதைத் தெருவில் விடுவதா இல்லையா என்பதை அந்தந்த மாகாணம்தான் தீர்மானிக்கிறது.

ஆக, விளக்குப் பூட்டியதால் வண்டி வீதிக்கு வரவில்லை. சட்டத்தில் ஓர் இடம் முதலில் ஒதுக்கப்பட்டது. அந்த இடத்தில் பொருந்துவதற்காகவே விளக்குப் பூட்டப்பட்டது. இந்த வரிசையை மாற்றிப் பிடித்துக்கொண்டு காசைச் செலவழித்தவர்கள் சிலரை நான் அறிவேன்.

இங்கே நம்மை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும். மோட்டார் கார், இருபயன் வாகனம், முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள், லொறி, உழவு இயந்திரம் என்று பதிவுக்கான வகுப்புகள் உள்ளன. கோல்ஃப் வண்டி என்ற பெயர் அந்த வரிசையில் இல்லை. பஜாஜ் கியூட் என்ற சின்ன நான்கு சக்கர வாகனம் இலக்கத்தகட்டுடன் ஓடுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது 216 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தோடு, 70 கிலோமீற்றர் வேகம் வரை ஓடுவதற்காக, தெருவுக்கென்றே செய்யப்பட்டு, அதற்குரிய ஆவணங்களோடு இறக்கப்பட்டது. உங்களுடையது புற்றரைக்குச் செய்யப்பட்டது. உலகச் சுங்கப் பட்டியலிலே கோல்ஃப் வண்டி 8703.10 என்ற இலக்கத்தின் கீழ், பனியில் ஓடும் வாகனங்களோடு ஒரே வரியில் குறிக்கப்பட்டிருக்கிறது. வைகாசி வெயிலில் வன்னி ஒழுங்கையில் அதை ஓட்டுகிறவருக்கு இது சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் உங்கள் கோவையைப் பார்க்கும் அலுவலர் முதலில் நோக்குவது இந்த இலக்கத்தைத்தான்.

பதிவு என்பது ஒரு சங்கிலியின் முதல் கண்ணி. பதிவு இல்லையேல் காப்புறுதி இல்லை. காப்புறுதி இல்லையேல் பிரதேச செயலகத்தில் ஆண்டுதோறும் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. அந்த முதல் கண்ணிக்கு வேண்டியது சுங்க ஆவணம். தரகரின் பற்றுச்சீட்டு அதற்கு ஈடாகாது. விடுதியைத் தேடிப் பிடித்து, வண்டியை இறக்கியபோது சுங்கத்தில் கொடுத்த பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். வரிச்சலுகையோடு இறக்கப்பட்ட வண்டியாயின், வெளியே விற்கும்போது அந்த வரியைக் கட்டும் பொறுப்பு எழும். அது யார் தலையில் விழும் என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இனி வண்டியைப் பார்ப்போம். மாங்குளத்தில் நண்பர் ஒருவரின் தோட்டத்தில் இதே போன்ற ஒன்றை நான் பின் ஆசனத்தைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். 8 வோல்ற் பற்றரிகள் ஆறு, 48 வோல்ற்றுக்குத் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கீழே குனிந்து பார்த்தால் பிரேக் பின்சக்கரங்கள் இரண்டில் மட்டும், முன்சக்கரங்களில் ஒன்றுமில்லை. ரயர்கள் புல் நசியாமல் இருப்பதற்காக அகலமாகவும் குறைந்த காற்றோடும் ஓட வடிவமைக்கப்பட்டவை. குளக்கட்டிலிருந்து இறங்கும் சரிவில் நண்பர் பிரேக்கை மிதித்தபோது பின்பக்கம் கிரவலில் ஒரு முழம் விலகிப் போய்த்தான் வண்டி நின்றது. அதுவும் ஆள் ஓடும் வேகத்தில்.

உங்கள் வண்டியும் மணிக்கு 20 கிலோமீற்றர் அளவில்தான் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ9 வீதியில் 70 கிலோமீற்றரில் வரும் வான் ஒன்று 200 மீற்றர் பின்னால் உங்கள் கண்ணாடியில் தெரிந்தால், பதினைந்து வினாடிக்குள் அது உங்கள் முதுகோடு நிற்கும். எதிரே பஸ் வந்துகொண்டிருந்தால் அந்த வானுக்கு விலகவும் இடமில்லை. அதற்கு முன் புகையிரதக் கடவை வேறு இருக்கிறது. 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பிய பிறகு, கடவையில் நின்று இருபுறமும் பார்த்துக் கடக்கும் பழக்கத்தை நாம் மீண்டும் கற்கவேண்டியிருந்தது; சின்னச் சக்கரம் தண்டவாள இடுக்கில் விழுந்தால், செயற்கைக் காலோடு இருக்கும் ஒருவரை எத்தனை வினாடியில் இறக்குவீர்கள்? ‘வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றினால் 40 ஓடும்’ என்று எவராவது சொன்னால், அதை ஒருபோதும் செய்யாதீர்கள். பிரேக் பழையபடியே இருக்க வேகத்தை மட்டும் இரட்டிப்பாக்குவது அது. அமெரிக்காவிலும் அப்படி 32 கிலோமீற்றரைத் தாண்டவைப்பவர், அந்த வாகனம் தரநியமத்துக்கு இணங்குவதாகத் தாமே சான்றளிக்கவேண்டிய உற்பத்தியாளராகக் கருதப்படுகிறார்.

பிடிபட்டால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். காப்புறுதி இல்லாமல் ஓட்டுவதற்கான தண்டப்பணம் பிற்காலத் திருத்தங்களுக்குப் பிறகு 25,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. அதைக் கட்டிவிடலாம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை ஒன்றின் சைக்கிளில் முட்டினால், மூன்றாம் தரப்புக் காப்புறுதி கொடுத்திருக்கவேண்டிய இழப்பீடு முழுவதும் உங்கள் காணியிலிருந்துதான் வரும்.

வண்டியை எறியச் சொல்லவில்லை. உங்கள் வளவிலும் வயலிலும் அது நன்றாக உழைக்கும். அம்மா தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க அதைவிட வசதியானது இல்லை. வேறிடம் கொண்டுபோக வேண்டுமாயின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கட்டிக் கொண்டுபோங்கள். ‘கிரவல் ஒழுங்கைதானே, பிரதேச சபை வீதிதானே, வாய்க்கால் கரைதானே’ என்று நினைக்க வேண்டாம். பொதுமக்கள் போய்வரும் வழி தார் போட்டதா இல்லையா என்று சட்டம் பார்ப்பதில்லை.

பதிவை முயன்று பார்க்கத்தான் வேண்டும் என்றால், ஒரு சதமும் செலவழிப்பதற்கு முன், மோட்டார் வாகனப் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். நான்கு பக்கப் படங்கள், தயாரிப்பாளரின் இலக்கத்தட்டை அருகில் வைத்து எடுத்த படம், விவரத்தாள், சுங்கப் பத்திரப் பிரதி ஆகியவற்றை இணைத்து, எந்த வகுப்பில் பதியலாம் என்று மட்டும் கேளுங்கள். இலக்கத்தட்டில் உள்ளது வெறும் தொடரிலக்கமாக இருந்து, 17 இடங்கள் கொண்ட அடையாள எண்ணாக இல்லாவிட்டால், பதிலை நான் இப்போதே ஊகிப்பேன்.

கிளினிக்குக்கு ஓட்டோவே போதும். ஒரு சாண் உயரத்தில், அடியில் ரப்பர் ஒட்டிய அகலமான பலகைப் படி ஒன்றைத் தச்சரிடம் செய்வித்து, ஓட்டோவின் ஆசனத்தின் கீழ் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது செயற்கைக் கால் முன்னே. என் பெரியம்மாவுக்குச் செய்து பார்த்தது இது. அத்தானின் பெட்டிக்கு ஆகும் கப்பல் கூலியில் பத்திலொரு பங்கும் ஆகவில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் இலக்கத்தகடு இல்லாத லாண்ட்மாஸ்டர்கள் பெட்டியோடு இரவு பகலாக ஓடுகின்றன. எவரும் கேட்பதில்லை. கோல்ஃப் வண்டிக்கு மட்டும் ஏன் இந்தச் சட்டம்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: கேட்காமல் விடுவது வேறு, அனுமதி வேறு. லாண்ட்மாஸ்டர் என்று நாம் அழைக்கும் இருசக்கர உழவு இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைப் பதியலாம், அதன் பெட்டியைத் தனியாகப் பதியவேண்டும், ஓட்டுகிறவருக்கு ஜீ1 வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும்; நான்கு சக்கர உழவு இயந்திரமாயின் ஜீ வகுப்பு. பதியாமல் ஓட்டுவது உரிமையாளரின் குற்றமே தவிர வண்டியின் குறையன்று. கோல்ஃப் வண்டிக்காரர் பதிய விரும்பினாலும் கதவு திறந்திருக்கவில்லை என்பதே வேறுபாடு.

அறுவடைக் காலத்தில் மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் நெல்மூட்டையோடு பின்விளக்கில்லாமல் போகும் பெட்டிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பெட்டியின் பின்பலகையில், இரு மூலைகளிலும் ஒவ்வொரு சிவப்பு ஒளிதெறிப்பானை இந்த வாரமே அறைந்துவிடுங்கள். மூட்டையும் படங்கும் மறைக்காத உயரத்தில் அறையுங்கள்.

கேள்வி: நாங்கள் எண்ணெய் வரிசையில் 2022இல் பட்ட பாட்டை நினைத்து, பண்ணைக்குள் ஓட மட்டும் ஒரு மின்சாரக் கோல்ஃப் வண்டி வாங்கினோம். வீதிக்கு எடுப்பதில்லை. ஒன்றரை வருடத்தில் பற்றரிகள் சோர்ந்துவிட்டன. வெயிலா காரணம்?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: வெயிலும்தான், ஆனால் பெரும்பாலும் தண்ணீர். ஈயஅமிலப் பற்றரியில் வெப்பம் கூடக்கூட நீர் விரைவாகக் குறையும், தகடுகள் வெளியே தெரிந்த பகுதி பிறகு உயிர்பெறாது. கிணற்று நீர் ஊற்றியிருந்தால் அதுவே இன்னொரு காரணம்: வன்னிக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது, அதன் உப்புகள் தகட்டில் படியும். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றுங்கள். பாதிக்கு மேல் இறங்கவிடாமல் நாள்தோறும் ஏற்றுங்கள், வண்டியை ஓலைக் கொட்டிலின் நிழலில் நிறுத்துங்கள், ஏற்றும்போது கொட்டில் திறந்தே இருக்கட்டும், அருகில் பீடியும் விளக்கும் வேண்டாம். அப்போது வெளிவரும் ஐதரசன் தீப்பற்றும். தகடுகள் மூடியிருக்கும் அளவுக்கு நீர் இருந்தால், ஏற்றி முடித்த பின்னரே மேலும் ஊற்றுங்கள். முன்கூட்டியே நிரம்ப ஊற்றினால் ஏறும்போது அமிலம் பொங்கி வழிந்து, பற்றரிக்குக் கீழுள்ள இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும்.