79 வயது அப்பாவுக்கு சிஆர்டி-டி கருவி வைக்கலாமா?

உங்கள் அப்பாவுக்கு இதயத்தின் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு) 28 சதவீதம், சிஆர்டி-டி என்ற, நெஞ்சில் தோலுக்கு அடியில் வைக்கும் இதயக் கருவியை வைக்கச் சொல்கிறார்கள், இந்த வயதில் இது தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பாவுக்கு 78 வயதில் இதே நிலைமை. நான் மருத்துவர் இல்லை, மகள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எங்களுக்குப் புரியாமல் இருந்தது, அந்த ஒரே பெட்டிக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன என்பது. சிஆர்டி, இதயத்தின் இடது பக்கம் தாமதமாகச் சுருங்குவதைச் சரிசெய்து இரண்டு பக்கமும் சேர்ந்து துடிக்க வைக்கிறது. மூச்சு வாங்குவது குறைவது இதனால்தான். கடைசியில் உள்ள 'டி', ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுப்பதற்கு. அது திடீர் மரணத்தைத் தடுக்கும், ஆனால் மூச்சிரைப்பைக் குறைக்காது. ஷாக் இல்லாத வகைக்கு சிஆர்டி-பி என்று பெயர். விலையும் குறைவு.

அப்பாவுக்கு ஈசிஜியில் எல்பிபிபி (இதயத்தின் இடது பக்கத்துக்கு மின்சைகை போகும் பாதையில் தடை) இருந்தது, க்யூஆர்எஸ் (மின்சைகை இதயத்தின் கீழறைகளில் பரவ எடுக்கும் நேரம்) 160 மில்லிசெகண்ட். சிஆர்டி நன்றாக வேலை செய்வது 150-க்கு மேல் உள்ள இப்படிப்பட்டவர்களுக்குத்தான். உங்கள் அப்பாவின் ஈசிஜியில் இதைக் கட்டாயம் கேளுங்கள். மருந்துகளைச் சரியான அளவில் மூன்று மாதமாவது கொடுத்துப் பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள்.

ஷாக் விஷயத்தில்தான் நாங்கள் தடுமாறினோம். 2016-ல் டென்மார்க்கில் வந்த டேனிஷ் ஆய்வைப் பற்றி டாக்டரே சொன்னார். ரத்தக்குழாய் அடைப்பால் வராத இதயச் செயலிழப்பு (இதயம் பலவீனமாகி, போதிய அளவு ரத்தத்தை அனுப்ப முடியாத நிலை) உள்ள 1116 பேர் அதில் இருந்தார்கள். ஷாக் கருவி வைத்தவர்களிடம் திடீர் மரணம் ஏறக்குறைய பாதியானது. ஆனால் மொத்த இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. பலன் தெரிந்தது வயது குறைந்தவர்களிடம்தான். அப்பாவுக்கும் அடைப்பு இல்லை. உங்கள் அப்பாவுக்கு ஏற்கெனவே மாரடைப்போ ஆபத்தான துடிப்போ வந்திருந்தால் கணக்கு வேறு, அதை டாக்டரிடம் தெளிவாகப் பேசிவிடுங்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. பெரியப்பாவுக்கு ஷாக் கருவி இருந்தது. புற்றுநோயில் படுத்த கடைசி இரண்டு நாளில் அது மூன்று முறை அடித்தது. ஒவ்வொரு முறையும் உடம்பு தூக்கிப் போட்டது, பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அறுவை சிகிச்சை இல்லாமல், வெளியிலிருந்தே ஷாக்கை மட்டும் நிறுத்தி வைக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நிறுத்தினால் இதயம் நின்றுவிடாது. 'டி' வைப்பதாக முடிவு செய்தால், பின்னால் எப்போது நிறுத்தலாம் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

அப்புறம் அப்பாவிடமே கேட்டோம். "தூக்கத்துல போனா போறேன்மா. இருக்கிறவரைக்கும் மூச்சுத் திணறாம இருந்தா போதும்" என்றார். சிஆர்டி-பி வைத்தோம். சில வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, போனைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை, மூன்றில் ஒருவருக்குப் பெரிய மாற்றம் தெரியாது என்றும் சொல்லித்தான் வைத்தார்கள். அப்பா அதற்கு முன்னால் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூங்குவார். இரண்டு மாதத்தில் ஒன்று போதும் என்றாகிவிட்டது.